திருமேனியின் கட்டைவிரல்

வரைபடம் போட வந்தவருக்கு வழி சொல்ல ஊரே கூடி ஆலோசித்தது. ஆலோசனை முடிவதற்குள் அவர் போய்விட்டார். அதனால் கரும்பாக்குளம் எந்த வரைபடத்திலும் இல்லை. நோய்கள் மட்டும் வழி கேட்காமலே வந்து சேர்ந்துவிடும்.

அப்படித்தான் திருமேனிக்குச் சர்க்கரை வந்தது. இடது கால் கட்டைவிரல் மரத்துப்போனது. மாதம் ஒருமுறை வரும் நர்ஸ் எஸ்தர் விரலைத் தட்டிப் பார்த்தார்.

"தினமும் முக்கால் மணி நேரம் நடங்க. இனிப்பை விடுங்க. மாத்திரையை மறக்காதீங்க. இல்லேன்னா ஒருநாள் இந்த விரலை எடுக்க வேண்டி வரும்."

கிளம்பும்போது ஊரைப் பார்த்து, "அவர் ஒருத்தரால முடியாது. நீங்க எல்லாரும் சேர்ந்துதான் செய்யணும்," என்றார்.

அதைச் சொல்லாமல் போயிருக்கலாம்.

அன்று மாலையே பள்ளிக்கூட வராந்தாவில் கூட்டம் நடந்தது.

"யார் நடக்கிறது?" என்று ஆரம்பித்தார் ஊர்த் தலைவர் மாசிலாமணி.

"நான்தானே," என்றான் திருமேனி.

"நீ நோயாளிப்பா. நோயாளியை நடக்கவிட்டா பக்கத்து ஊர்க்காரன் என்ன பேசுவான்?"

திருமேனியின் மனைவி பூரணம் எழுந்தாள். "இவருக்கு அம்மை போட்டப்போ என் தம்பிதான் இவருக்காகத் தீ மிதிச்சான். அம்மை யாருக்கு இறங்குச்சு? இவருக்குத்தானே?"

தம்பி காத்தமுத்து பாதத்தைத் தூக்கிக் காட்டினான். தழும்பு அப்படியே இருந்தது. அதற்குமேல் யாரும் சாட்சி கேட்கவில்லை.

"நெருப்பே ஆள் மாறினதைக் கண்டுக்கலை. நடைதானா கண்டுக்கப்போகுது?" என்றார் தலைவர்.

மறுநாள் காலையிலிருந்து காத்தமுத்து கண்மாய்க் கரையில் நடந்தான். துணைக்கு நாலு பேர் போனார்கள். நாலு பேர் போனதைப் பார்த்து நாற்பது பேர் போனார்கள். திருமேனி கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "கையை நல்லா வீசு மாப்ளே, என் உசிரு உன் கால்ல இருக்கு," என்று உற்சாகப்படுத்தினான்.

இனிப்பை விடும் பொறுப்பு பூரணத்துக்கு. அவள் விட்ட இனிப்பு வீணாகக் கூடாதென்று திருமேனி தின்றான். மாத்திரையைத் தலைவர் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் மதியம் தலை சுற்றி மாட்டுத் தொட்டியில் விழுந்தார்.

"மருந்து வேலை செய்யுது," என்று ஊர் நிம்மதி அடைந்தது.

அடுத்த மாதம் எஸ்தர் விடுப்பு. அவருக்குப் பதிலாக வந்த புது ஆள், "திருமேனி," என்று கூப்பிட்டார். ரத்தம் எடுக்கக் காத்தமுத்து கைவிரலை நீட்டினான். நடந்தவன் ரத்தம்தானே நடையின் கதையைச் சொல்லும்?

சர்க்கரை தொண்ணூற்றிரண்டு.

"ரொம்ப நல்லா இருக்கு. இப்படியே செய்யுங்க," என்றார் புது ஆள். அப்படியே செய்தார்கள். அன்றைக்குத் திருமேனியின் வீட்டில் அதிரசம். காத்தமுத்துக்கு ஒன்றுகூடத் தரவில்லை. அவன் உடம்பைக் கெடுத்துக்கொண்டால் மாமன் உடம்பு என்ன ஆவது?

அதிரசம் தின்ன நாற்காலியிலிருந்து எழுந்து வீட்டுக்கு நடந்தபோதோ எப்போதோ, திருமேனியின் கட்டைவிரலில் ஒரு முள் ஏறியது. அவனுக்குத் தெரியவில்லை. விரல் கறுத்த பிறகுதான் பூரணம் பார்த்தாள். பார்த்தவள் அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

டவுன் ஆஸ்பத்திரியில், "விரலை எடுத்தாகணும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார் டாக்டர்.

வெளியே பெஞ்சில் ஊர் கூடியது.

"நடந்தது நான். விரலும் என்னோடதுதான்," என்றான் காத்தமுத்து.

"உனக்கு இன்னும் பொண்ணு பார்க்கணும்டா. மெட்டி போடப்போறவ முதல்ல உன் காலைத்தான் பார்ப்பா," என்றாள் பூரணம். "என்னோடதை எடுக்கட்டும்."

"மாத்திரை சாப்பிட்டவன் நான். மருந்து ஊறின விரல் சீக்கிரம் ஆறும்," என்றார் தலைவர்.

பேச்சு முற்றுவதற்குள் கதவு திறந்தது. டாக்டர் கையில் சீட்டோடு வந்தார்.

"விரல் எடுக்க வேண்டியது யாருக்கு?"

வராந்தா முழுக்க நாற்பது இடது கால்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உயர்ந்தன.

திருமேனி மட்டும் தன் காலை மெல்ல பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

"என்னோடது வேண்டாம் டாக்டர்," என்றான். "அதுல ஏற்கெனவே புண்ணு இருக்கு."