மூன்றாள் உயரத் தூண்

நெளியாறு என்று ஓர் ஆறு. அதன் கரையிலிருந்த பொன்னிலை நாட்டை முன்னொரு காலத்தில் வெண்கோடன் என்ற ராஜா ஆண்டுவந்தான். இருபது வயது. தங்கமான மனசு. ஆனால் காலையில் தோன்றியதை மதியத்துக்குள் செய்துவிட வேண்டும் அவனுக்கு.

ஒரு வைகாசியில் குயவர் தெரு தீப்பிடித்து அறுபது வீடுகளும் சாம்பலாயின. ராஜா நேரில் போய்ப் பார்த்துக் கண்கலங்கினான். “எல்லாருக்கும் கல்வீடு கட்டித் தருகிறேன்” என்று அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டான். எங்கே கட்டுவது?

அரண்மனைக்கு மேற்கே நல்ல மேட்டு நிலம் ஒன்று கிடந்தது. அதில் தனக்கு ஒரு மாந்தோப்பு வைத்துக்கொள்ள வேண்டுமென்று அரசவைப் பிரபு மணவாளராயருக்கு நெடுநாள் ஆசை. அமைச்சர் அறவாழி அந்த மேட்டைச் சொல்லிவிடுவாரோ என்று பயந்து, ராயர் முந்திக்கொண்டார்.

“ஆற்றுப் படுகை சும்மாதானே கிடக்கிறது, மகராஜா? சமதரை. பக்கத்திலேயே களிமண், வாசலிலேயே தண்ணீர். குயவருக்கு வேறென்ன வேண்டும்?”

“அங்கே வெள்ளம் வரும், மன்னா” என்றார் அறவாழி.

“எப்போது வந்தது?”

“தாங்கள் பிறப்பதற்கு முந்தைய ஐப்பசியில்.”

ராயர் சிரித்தார். “இருபது வருஷமாக வராத வெள்ளம். தங்களுக்கு நல்ல பெயர் வருவதில் அமைச்சருக்கு விருப்பமில்லை போலிருக்கிறது.”

ராஜாவுக்குச் சுருக்கென்றது. “நாளை கடைக்கால் தோண்டுகிறோம், அமைச்சரே. அதற்குள் என் மனசை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். பழங்கதை சொல்லிப் பயமுறுத்தக் கூடாது.”

மறுநாள் காலை எல்லோரும் படுகையில் கூடினார்கள். குயவர்களும் வந்திருந்தார்கள். முன்வரிசையில் சடைச்சி என்ற குயத்தி நின்றாள். நாலு மாதக் கர்ப்பிணி.

“தோற்றுவிட்டேன், மன்னா” என்றார் அறவாழி. “அருமையான இடம். இதைக் காட்டிய ராயருக்கே முதல் வீட்டைக் கட்டிக் கொடுங்கள். அவர் குடும்பத்தோடு குடியிருந்தால் ஜனங்களுக்கும் தைரியம் வரும்.”

“நல்ல யோசனை” என்றான் ராஜா. “மாளிகையாகவே கட்டிவிடுவோம்.”

ராயர் பதறிக் கைகூப்பினார். “அடியேனுக்கு ஈரம் ஆகாது. தூண் நிறுத்தி, அதன்மேல் கட்டினால் தேவலை.”

“கட்டலாமே. முழங்கால் உயரம் போதுமா?” என்று கேட்டார் அமைச்சர்.

“போதாது. ஓர் ஆள் உயரம் இருக்கட்டும்.”

“பேரப்பிள்ளைகளும் இங்கேதானே தூங்குவார்கள், ராயரே?”

ராயர் ஆற்றைப் பார்த்தார். “அப்படியானால் இரண்டாள் உயரம்.”

“ஐப்பசி கார்த்திகையிலும் இங்கேதான் இருப்பீர்கள், இல்லையா?”

அந்தப் பழைய ஐப்பசியில் கூரைகள் மிதந்து போனதை ராயர் தம் கண்ணால் பார்த்தவர். “மூன்றாள் உயரம்” என்றார். “அதற்குக் குறைந்தால் நான் குடிவர மாட்டேன்.”

ராஜாவின் முகத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று. “ஈரத்துக்கு மூன்றாள் உயரமா, ராயரே?”

ராயர் வாய் திறப்பதற்குள் சடைச்சி கேட்டாள். “சாமி, எங்க வீட்டுக்கும் அதே தூண்தானே?”

ராஜா திரும்பினான். அவள் வயிற்றைப் பார்த்தான். தலை தானாகத் தாழ்ந்தது. “உங்களுக்குத் தூண் வேண்டாம், அம்மா. மேடு இருக்கிறது.”

பிறகு ராயரைப் பார்த்து, “அறுபது வீட்டுக்கும் முதல் கல்லை நீர்தான் சுமந்துவந்து வைக்க வேண்டும்” என்றான். ராயர் சுமந்தார். முப்பதாவது வீட்டில் அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்துக் குயவர்களே பரிதாபப்பட்டு மோர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, “என்னை மன்னிச்சிடுங்கப்பா” என்றார் ராயர், தலை நிமிராமல்.

அந்த வருஷ ஐப்பசியில் நெளியாறு கரை புரண்டது. படுகை இருந்த இடமே தெரியவில்லை. மேட்டில் அறுபது அடுப்பும் புகைந்தன. சடைச்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது.

கொட்டுகிற மழையில் ராஜா அமைச்சரோடு குழந்தையைப் பார்க்க வந்தான். “இத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். என்ன வேண்டுமோ கேளுங்கள், தருகிறேன்” என்றான்.

“இனிமேல் ஏதாவது தோன்றினால் ஒருநாள் பொறுத்துச் சொல்லுங்கள், மன்னா. அது போதும்.”

ராஜா யோசித்தான். குழந்தையைப் பார்த்தான். “வேறு ஏதாவது கேளுங்கள், அமைச்சரே. இவளுக்கு நானே பெயர் வைக்க வேண்டுமென்று இப்போதுதான் தோன்றுகிறது.”

சடைச்சி சிரித்துக்கொண்டே குழந்தையை அவன் கையில் கொடுத்தாள்.