இடப்பக்க வளைவு

மேட்டுப்பாளையத்தில், மலைச்சாலை தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருந்தது பிலோமினாவின் பட்டறை. வேறெங்கும் கோளாறு தீராத வண்டிகள் கடைசியாக அங்கே வந்து நிற்கும்.

அவளிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்தவர் பொங்கியண்ணன். அவளைவிட வயதில் மூத்தவர். லாரிப் பட்டறைகளிலேயே தலை நரைத்தவர். புதுவண்டிகளுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் தனக்குப் பிடிபடவில்லை என்று தானாகவே தேடி வந்து சேர்ந்திருந்தார். அவள் அவரை அண்ணா என்பாள். அவர் அவளை அம்மிணி என்பார். ஆனால் பட்டறைக்குள் அவள் சொன்னதுதான் முடிவு.

ஒருநாள் காலையில் மலைமேல் இருந்த ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸ் வந்தது. ஓட்டி வந்தவர் ஜோகி. கூடவே ஆஸ்பத்திரி மேனேஜர் சதானந்தமும் இறங்கினார்.

"ஏறும்போது எஞ்சின் அணைஞ்சுடுதுன்னு இவன் சொல்றான் மேடம். உடனே மறுபடியும் ஸ்டார்ட் ஆயிடுதாம். ரெண்டு பட்டறையில காட்டியாச்சு. ஒரு சென்சாரும் மாத்தியாச்சு. எங்க யாரு கண்ணு முன்னாலயும் நின்னதில்ல."

ஜோகி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"போன வாரம் பிரசவ வலியோட ஒரு பொண்ண ஏத்திட்டு வரும்போது நின்னுடுச்சுன்னு சொல்றான். தாமதமா வந்ததுக்குச் சாக்கு. வண்டியில ஒண்ணுமில்லன்னு இன்னைக்கு நீங்க சொல்லிட்டீங்கன்னா, வேற டிரைவர் பாத்துக்குவேன்."

"பாக்கறோம் சார்" என்றாள் பிலோமினா.

எஞ்சினில் ஏதாவது கோளாறு நடந்தால், வண்டியின் கம்ப்யூட்டர் அதை ஓர் எண்ணாகக் குறித்து வைத்துக்கொள்ளும். கோளாறு மறைந்த பிறகும் அந்த எண் உள்ளேயே கிடக்கும். பட்டறைக்காரர்கள் அதை எரர் என்பார்கள். பொங்கியண்ணன் அந்த எண்களைப் படிக்கும் ஸ்கேனரைச் சொருகினார். அவர் முகம் மலர்ந்தது.

"அம்மிணி, மூணு எரர் கெடக்குதுங். மூணு சென்சார் போயிருச்சு. மாத்திட்டா முடிஞ்சுது."

"மாத்திட்டா முடிஞ்சுதுங்களா?"

"மெஷினே சொல்லுதுங்களே."

பிலோமினா ஸ்கேனரை வாங்கிப் பார்த்தாள். பிறகு ஒரு நாற்காலியை எடுத்து ஜோகியின் பக்கத்தில் போட்டாள்.

"உக்காருங்க. எப்ப நிக்குதுன்னு சொல்லுங்க."

பொங்கியண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "ஸ்கேனர் கையில இருக்கறப்ப டிரைவர எதுக்குங் கேக்கோணும்?"

அவள் இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து அவருக்கும் போட்டாள். அவரும் உட்கார வேண்டியதாயிற்று.

ஜோகி தயங்கித் தயங்கிப் பேசினார். "எறங்கும்போது நிக்காது மேடம். ஏறும்போதுதான். அதுவும் எடப்பக்கம் திரும்புற வளைவுல. அணைஞ்ச உடனே ஸ்டீயரிங் கல்லாயிடும். பிரேக்கும் கெட்டியாயிடும். எல்லா நாளும் இப்படி ஆகறதில்ல. அதனால நானே பொய் சொல்றேனோன்னு சில சமயம் எனக்கே தோணுது."

மேனேஜர் சிரித்தார். "எடப்பக்கம் மட்டும் கெட்டுப்போற எஞ்சின் உண்டா மேடம்?"

பிலோமினா திரையைப் பொங்கியண்ணன் பக்கம் திருப்பினாள். "எரர் விழுந்த நிமிஷத்துல வண்டி எப்படி இருந்துச்சுன்னும் இதுல இருக்கும். படிங்ணா."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். எஞ்சின் நல்ல சூடு. வண்டி மெதுவாகப் போயிருக்கிறது. ஆக்சிலேட்டர் மட்டும் ஆழமாக மிதிபட்டிருக்கிறது.

"மேட்டுல ஏறிட்டிருக்குதுங்" என்றார்.

"எந்தப் பக்கம் திரும்பிட்டிருக்குது?"

மேலும் கீழும் தேடினார். "அது இதுல இல்லீங்."

"இவருகிட்ட இருக்குது. வாங்க, போலாம்."

ஜோகி ஓட்டினார். பொங்கியண்ணன் ஸ்கேனரோடு முன்னால் உட்கார்ந்தார். பிலோமினாவும் மேனேஜரும் பின்னால், நோயாளியோடு வருபவர்கள் உட்காரும் இருக்கையில்.

முதல் வளைவில் ஒன்றும் ஆகவில்லை. அடுத்தடுத்த வளைவுகளும் அப்படியே கடந்தன. வண்டி வெண்ணெய் மாதிரி ஏறியது.

"பாத்தீங்களா மேடம்?" என்றார் மேனேஜர்.

ஜோகியின் கழுத்து வியர்த்திருந்தது. நொடிக்கொரு தரம் கண்ணாடியில் மேனேஜரைப் பார்த்துக்கொண்டே, முட்டை ஏற்றிய வண்டிபோல ஓட்டினார்.

பிலோமினா வண்டியை ஓரங்கட்டச் சொன்னாள். பிறகு மேனேஜரிடம் திரும்பினாள்.

"சார், ஸ்ட்ரெச்சர்ல படுங்க."

"நானா?"

"அவரு இப்ப மேனேஜர ஏத்திக்கிட்டுப் போறாரு. நோயாளிய ஏத்திக்கிட்டுப் போகட்டும்."

மேனேஜர் அவள் முகத்தைப் பார்த்தார். விளையாட்டு இல்லை என்று தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தார். அவளே பெல்ட்டை மாட்டிவிட்டாள்.

"ஜோகிண்ணா, உள்ள வலியில ஒருத்தங்க இருக்காங்க. ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவீங்களோ அப்படிப் போங்க."

ஜோகி மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். அதில் இப்போது மேனேஜர் முகம் இல்லை. கியரை மாற்றி மிதித்தார். எஞ்சின் உறுமியது. ஒரு வலப்பக்க வளைவைக் கடந்தார்கள். அடுத்தது செங்குத்தான இடப்பக்க வளைவு. வண்டி பாதி திரும்பியிருக்கும்போது சத்தம் சட்டென்று நின்றுபோனது.

ஓரிரு அடி பின்னோக்கி நழுவியது வண்டி. படுத்திருந்தவருக்கு மேற்கூரை மட்டும்தான் தெரிந்தது.

"ஐயோ! ஜோகி, புடிப்பா! புடி!"

ஜோகி இரண்டு காலாலும் பிரேக்கை அழுத்தி, கைபிரேக்கை இழுத்தார். வண்டி நின்றது. திரும்பிப் பார்க்காமலே, நோயாளிகளிடம் வழக்கமாகச் சொல்கிற குரலில் சொன்னார்: "பயப்படாதீங்க. நான் இருக்கேன்."

பிலோமினா இறங்கி, சக்கரங்களுக்குப் பின்னால் கல் வைத்தாள். பிறகு முன்பக்க ஜன்னலுக்கு வந்தாள்.

"என்னங்ணா பாத்தீங்க?"

பொங்கியண்ணன் ஸ்கேனரை அவள் பக்கம் திருப்பினார். "மூணு சென்சாரோட அளவும் விழுந்துச்சுங் அம்மிணி."

"ஒண்ணு பின்னால ஒண்ணா?"

"இல்லீங். ஒரே நொடியில. மூணும் சேந்து."

"தனித்தனியாக் கெட்டுப்போனதுங்க சேந்து விழுமா?"

அவர் யோசித்தார். அவள் காத்திருந்தாள். சாலையில் ஒரு பஸ் ஒலியெழுப்பிவிட்டு ஒதுங்கிப் போனது.

"மூணுக்கும் கரண்ட் எங்கிருந்துங் வருது?" என்று அவரே கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். "ஒரே ஒயர்லதானுங்களே வருது!"

பானெட்டைத் திறந்தார். ஜோகியை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். பிரேக்கை மிதித்தபடியே கியரைப் போட்டு, கிளட்சைக் கொஞ்சமாக விடச் சொன்னார். பளு ஏறியதும் எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதைத் தாங்கும் ரப்பர் தளர்ந்துபோயிருந்தது. சாய்ந்த எஞ்சின் ஒயர்க் கற்றையை ஓர் இரும்புத் தாங்கியோடு சேர்த்து நெருக்கியது. எஞ்சின் மறுபடியும் அணைந்தது.

பொங்கியண்ணன் அந்தக் கற்றையைப் பிரித்தார். ஓர் ஒயரின் தோல் தேய்ந்து, உள்ளே செம்பு பளபளத்தது.

"மூணு சென்சாரும் நல்லாத்தானுங் இருக்குது" என்றார். "கரண்ட் தராமப் பட்டினி போட்டது இதுங்."

"எடப்பக்கம்?"

"எடப்பக்க வளைவுல ரோடே சரிவா இருக்கறதால எஞ்சின் இந்தப் பக்கமா இன்னுங் கொஞ்சம் சாயுதுங். அப்பத்தான் செம்பு இரும்பத் தொடுது." நிமிர்ந்து ஜோகியைப் பார்த்தார். "நீங்க சொன்னதேதானுங்."

ஒயரை டேப்பால் சுற்றிக் கட்டி, தாங்கியை விட்டு விலக்கி வைத்துவிட்டுப் பட்டறைக்கு இறங்கினார்கள். ரப்பரை மாற்றினார்கள். பிறகு மறுபடியும் ஏறினார்கள். மேனேஜர் யாரும் சொல்லாமலே ஸ்ட்ரெச்சரில் போய்ப் படுத்தார். ஜோகி ஒவ்வொரு வளைவிலும் மிதித்து ஓட்டினார். வண்டி எங்கேயும் நிற்கவில்லை.

பட்டறைக்குத் திரும்பி வந்து இறங்கிய பிறகும் மேனேஜர் வண்டியருகிலேயே நின்றார்.

"ஜோகி, போன வாரமும் இப்படித்தான் புடிச்சு நிறுத்துனியா?"

"ஆமா சார்."

"அந்தப் பொண்ணும் இப்படித்தான் கத்திச்சா?"

"அவங்க கத்தல சார். அவங்க அம்மாதான் கத்துனாங்க."

மேனேஜர் ஜோகியின் தோளைத் தொட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வண்டியில் போய் உட்கார்ந்தார். இந்த முறை முன்னால், ஜோகியின் பக்கத்தில்.

ஆம்புலன்ஸ் மலை ஏறிப் போனது. அதன் சத்தம் வளைவுகளில் மங்கித் தேய்கிறவரை பொங்கியண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார். பிறகு உள்ளே வந்தார். பிலோமினா கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மிணி, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்ணா."

"இன்னிக்கும் அது நிக்காமப் போயிருந்தா என்னங் பண்ணியிருப்பீங்க?"

"மறுக்கா ஏறியிருப்போங்ணா."

"அப்பவும் நிக்கலைன்னா?"

அவள் குழாயை மூடினாள்.

"நின்னுச்சுன்னு அவரு சொன்னாருல்லீங்ணா."