செவந்தியப்பன் வயிற்றுக்கு வந்த சம்பந்தம்

புங்கங்குழிக்காரர்கள் யாருக்கும் கெடுதல் நினைக்க மாட்டார்கள். நினைப்பது என்பதே அவர்களுக்குப் பழக்கமில்லாத வேலை.

அந்த ஊர்த் தலைவர் செவந்தியப்பனுக்கு வயிறு கெட்டுவிட்டது. மாத்திரை தின்றால் நிற்கும், நிறுத்தினால் மறுபடி பிடுங்கிக்கொள்ளும். மகள் தங்கப்பொண்ணின் நிச்சயதார்த்தத்தில் தாம்பூலத் தட்டை அந்தரத்தில் விட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடினார். மாப்பிள்ளையின் அப்பா முகம் சிவந்துவிட்டது.

"ஆவணியில கல்யாணம். தாரை வார்க்கறப்ப நீங்க எழுந்து ஓடினா, நாங்களும் எழுந்து போயிடுவோம்" என்றார்.

தலைவருக்கு அன்றிலிருந்து தூக்கமும் போயிற்று. ஊர்க்காரர்கள் சடையாண்டியையும் கூத்தனையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு டவுன் டாக்டரம்மாவிடம் போனார்.

"மாத்திரை, கெட்ட கிருமியோட நல்ல கிருமியையும் கொன்னுடுச்சு. உள்ள காவலுக்கு ஆளில்ல. அதான் நோய் திரும்பத் திரும்ப வருது" என்றார் டாக்டரம்மா. "ஆரோக்கியமான ஒருத்தரோட மலத்துல இருந்து நல்ல கிருமிகளை எடுத்து உங்க குடல்ல விடணும். ஆளைக் கூட்டிட்டு வாங்க."

ஊர் கூடி யோசித்தது.

"நல்ல கிருமின்னா நல்ல மனுஷன்கிட்டதானே இருக்கும்? பூசாரியைக் கேப்போமா?" என்றான் சடையாண்டி.

"அவருக்கே தினமும் ஓமத்தண்ணி வேணும். உத்தண்டியைப் பாரு, கல்லைத் தின்னாலும் செரிச்சிடுவான்" என்றான் கூத்தன்.

"அவன் கோழி திருடறவனாச்சே! கிருமிக்கும் அந்தப் புத்திதானே இருக்கும்?"

"இருக்கட்டுமே. தலைவர் வயித்துல திருட என்னப்பா இருக்கு?"

அதிலுள்ள நியாயம் எல்லாருக்கும் விளங்கியது.

டாக்டரம்மா உத்தண்டியைப் பல விதமாகச் சோதித்துவிட்டு, செய்யவேண்டியதைக் குழாய் வைத்துச் செய்து முடித்தார். தலைவரையும் உத்தண்டியையும் வீட்டுக்கு அனுப்பும்போது, "புகுந்த வீட்டுக்கு வந்த பொண்ணு மாதிரி அதுங்களைப் பாத்துக்குங்க" என்றார். படித்தவர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

வயிறு சொன்னபடி கேட்டது. தலைவர் ஒரே இடத்தில் உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிட்டார். தங்கப்பொண்ணு சந்தோஷத்தில் அழுதேவிட்டாள்.

ஆடி பிறந்தது. உத்தண்டியும் அவன் மனைவி பேச்சியம்மாளும் பூ, பழம், புதுத்துணி வைத்த தட்டோடு வாசலில் நின்றார்கள்.

"ஆடி வந்திடுச்சுங்க. எங்க வீட்டுப் புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போக வந்தோம்."

தலைவர் வயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கிருமிகளை அனுப்பினால் நோய் திரும்பும், கல்யாணம் நிற்கும். அனுப்பாவிட்டால்?

"ஆடிக்கு அனுப்பாத வீடுன்னு பேரு வந்தா, தங்கப்பொண்ணை எவன் கட்டுவான்?" என்றான் சடையாண்டி.

கூத்தன் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தான். "புதுசா கட்டிக்கொடுத்த புள்ளைங்களைத் தனியா அனுப்பறது தப்பு. தலைவரே, துணைக்கு நீங்களும் போங்க."

தலைவர் பெட்டியோடு உத்தண்டி வீட்டுக்குப் போய் ஆடி முழுக்கத் தங்கினார். பேச்சியம்மாள் அவர் வயிற்றைப் பார்த்து, "இப்படி இளைச்சுப் போயிட்டீங்களேடி!" என்று கண் கலங்கினாள். தினமும் கோழிக்குழம்புதான். ஒருநாள் முற்றத்தில் கிடந்த சிறகுகளை எங்கேயோ பார்த்ததுபோல் தலைவருக்குத் தோன்றியது. விருந்தாளி அதையெல்லாம் கேட்கக்கூடாது என்று விட்டுவிட்டார்.

ஆவணியில் கல்யாணம். தலைவர் மணவறையில் அசையாமல் உட்கார்ந்து தாரை வார்த்தார். தாலி ஏறியது. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஆனால் பந்தக்காலைக் கட்டிக்கொண்டு ஒருவன் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தான்.

"யாருங்க அது?"

"அவரு என் சம்பந்தி" என்றார் தலைவர்.

"அப்ப நான்?"

"நீங்க ரெண்டாவது சம்பந்தி. ஆடி முடிஞ்சு புள்ளைங்க எங்க வீட்டுக்குத் திரும்பிடுச்சுல்ல, அந்த ஏக்கம் அவருக்கு."

"புள்ளைங்க எங்க?"

தலைவர் வயிற்றைத் தடவியபடி, எந்த வழியாக வந்து சேர்ந்தார்கள் என்பது வரை ஒன்று விடாமல் சொன்னார். கையில் பாயசத்தோடு கேட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அப்பா, டம்ளரைப் போட்டுவிட்டு வாயையும் வயிற்றையும் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினார்.

புங்கங்குழியே பரிதாபப்பட்டு அவர் போன திசையைப் பார்த்தது.

"ஐயோ பாவம்" என்றான் கூத்தன். "உத்தண்டி, அழுகையை நிறுத்து. உன் வீட்டுக்கு இன்னொரு நல்ல இடம் வந்திருக்கு."