நீல நூல் ஓடிய பனியன்

துனீசியாக் கடற்கரைக்குத் திருப்பூரிலிருந்து சுற்றுலா போன கூட்டத்துக்கு வேலாத்தாள்தான் சமையல். அந்தக் கூட்டத்துக்கே நாட்டாமை, பனியன் கம்பெனி முதலாளி திருமூர்த்தி. என்றைக்கு எங்கே போவது, யார் எங்கே உட்காருவது எல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம்.

"நாளைக்கு ஜீப்புல சகாரா போறோம். சமையல்காரிக்கு மணல்ல என்ன வேலை? அவ ஓட்டல்லயே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் கடைவீதியில் அள்ளி வந்ததையெல்லாம் எல்லோர் முன்னாலும் பரப்பினார். ஒட்டகப் படம் போட்ட பனியன் ஒன்றைத் தூக்கிப் பிடித்தார்.

"பாலைவனத்து ஆளுக கையால தெச்சது. நம்மூர்ல தலைகீழா நின்னாலும் கெடைக்காது!"

வேலாத்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன இளிப்பு? இதுல ஒண்ணாச்சும் நம்மூர்ச் சாமான்னு காட்டு. ஜீப்புல என் முன்சீட்டே உனக்கு!"

வேலாத்தாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பனியனை உள்பக்கமாகத் திருப்பித் தோள் தையலைக் காட்டினாள். அதில் ஒற்றை நீல நூல் ஓடியது.

"போலிச் சரக்கைப் பிடிக்கோணும்னு, நம்ம கம்பெனித் தையல்ல மட்டும் நீல நூல் ஓட வெச்சது நீங்கதானுங்களே முதலாளி? அங்க பத்து வருசம் தையல் செக்கிங் பாத்துட்டு, இந்த வருசந்தான் நான் கரண்டி பிடிச்சனுங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. திருமூர்த்தி பனியனைச் சுருட்டினார். "சரி சரி, ஊருக்குப் போய் யார்கிட்டயும் சொல்லீறாத."

"சொல்லாம இருப்பனுங்களா? கடல் தாண்டி வந்தும் ஒரு தையல் விடலை. பாத்து அனுப்புன கை இதுங்க!"

மறுநாள் சகாராவுக்கு வேலாத்தாள் முன்சீட்டில் போனாள். சாம்பார்த் தூக்கு, பின்சீட்டில் முதலாளி மடியில் போனது.