ஏழாவது சுற்றில் விழுந்த முடிச்சு

பாளையங்கோட்டையில் ஒரு டயர் கடையின் மாடியில் பூரணி டீச்சர் பின்னல் கோலாட்டம் சொல்லிக்கொடுத்தாள். வயது இருபத்தெட்டுதான். பேச்சு குறைவு, கையில் தாளம் மட்டும் ஓயாது.

ஷெர்லினை அங்கே சேர்த்துவிட்டது அவள் அம்மா. பன்னிரண்டு வயதுப் பெண். நானூறு மீட்டரில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. போன மாதம் இரண்டாவதாக வந்தாள். ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டது என்றாள். அன்றோடு மைதானத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஆட்டம் இதுதான். விட்டத்துக் கொக்கியிலிருந்து எட்டுக் கயிறு தொங்கும். எட்டுப் பெண்கள் ஆளுக்கு ஒன்றைப் பிடித்து, ஒருத்திக்கு வெளியே, அடுத்தவளுக்கு உள்ளே என்று சுற்றிவந்தால் மேலே பின்னல் விழும். அப்புறம் அதே அடிகளைப் பின்னோக்கி ஆடினால் பின்னல் அவிழும்.

முதல் நாளே ஷெர்லின் கேட்டாள்.

"டீச்சர், பின்னுனதோட ஆட்டம் முடிஞ்சுதுல்லா? ஓடி முடிச்ச பொறவு எவளாவது பின்னால ஓடுவாளா?"

"ஆடு. தெரியும்."

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மறுநாள் கோலாட்டப் போட்டி. ஏழாவது சுற்றில் எதிரே ரஹ்மத் மெதுவாக வந்தாள். ஷெர்லின் அவளுக்கு வெளியே சுற்றிப் போகவேண்டும். ஆனால் உள்வட்டத்தில் தூரம் குறைவு என்பது ஓடிப் பழகிய காலுக்குத் தெரியாதா? ஷெர்லின் சட்டென்று உள்ளே புகுந்துவிட்டாள். யாரும் கவனிக்கவில்லை.

அவிழ்க்கும்போது அதே இடம் வந்தது. ஷெர்லின் ஒன்றும் அறியாத பிள்ளைபோல வெளியே சுற்றி வந்தாள். கயிறு இறுகி நின்றுவிட்டது.

"ரஹ்மத் தப்பா வந்துட்டா, டீச்சர்."

"நான் சரியாத்தான் வந்தேன்" என்ற ரஹ்மத்துக்குக் கண் கலங்கியது.

ஒருத்தி ஸ்டூலை இழுத்துப் போட்டாள். டீச்சர் அதை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"கையால தொடக் கூடாது. காலால விழுந்தது காலாலயே அவுரணும்."

"அவுரலன்னா?"

"நாளைக்கு நாம போகல."

எட்டுப் பேரும் கயிற்றைப் பிடித்தபடி நின்றார்கள். தோள் கடுத்தது. கடைசியில் ரஹ்மத்தால் பொறுக்க முடியவில்லை.

"நாந்தான்னு வச்சுக்கோங்க, டீச்சர்" என்று ஓர் அடி மாற்றி வைத்தாள். முடிச்சு இன்னும் இறுகியது.

ஷெர்லினுக்கு முகம் சுட்டது. மாடியிலிருந்து குதித்துவிடலாம் போல வெட்கமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"நான் உள்ள புகுந்துட்டேன், டீச்சர்."

"எந்தச் சுத்துல?"

"ஏழுல. ரஹ்மத்துகிட்ட."

டீச்சர் திட்டவில்லை. பாராட்டவும் இல்லை.

"அங்கருந்து தொடங்கு."

ரஹ்மத் தன் பழைய இடத்துக்குப் போனாள். ஷெர்லின் இரண்டடி திரும்பிப் போய், ஏழு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, ரஹ்மத்தின் கயிற்றுக்கு அடியில் குனிந்து, அந்தத் தப்பான அடியை அப்படியே பின்னோக்கி வைத்தாள். முடிச்சு தளர்ந்தது. மிச்சப் பின்னல் மளமளவென்று அவிழ்ந்தது.

எல்லாரும் கிளம்பினார்கள். ஷெர்லின் மட்டும் ஒரு செருப்பு வாரை ரொம்ப நேரம் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர்."

"ம்."

"அன்னைக்கு ஷூ லேஸ் அவுரல."

டீச்சர் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"கடைசி வளைவுல நாந்தான் முன்னால. பின்னால யாரு வாறான்னு திரும்பிப் பாத்துட்டேன்."

டீச்சர் எட்டாவது கயிற்றையும் சுருட்டி ஆணியில் மாட்டினாள்.

"நாளைக்கு நம்ம ஆட்டம் பதினோரு மணிக்குத்தான். மைதானத்தை ஆறு மணிக்கே திறந்துருவாங்க. அங்கருந்து தொடங்கு."