முப்பத்தொன்பதரை

ஒரு வீட்டு அலமாரியில் இரண்டு தெர்மாமீட்டர்கள் குடியிருந்தன. மூத்தது கண்ணாடிக் குழாய். பாரன்ஹீட் என்று பெயர். இளையது குவைத்திலிருந்து வந்த டிஜிட்டல். செல்சியஸ் என்று பெயர். செல்சியஸுக்கு இரண்டு கணக்கும் தெரியும். ஆனாலும் தன் கணக்கைத் தவிர வேறெதையும் அது காட்டியதில்லை.

ஒரு மதியம் அந்த வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. தாய் ரெஜினா செல்சியஸை எடுத்துக் குழந்தையின் அக்குளில் வைத்தாள். அது 39.5 என்று காட்டியது.

பக்கத்து வீட்டு ஜாஸ்மின் எட்டிப் பார்த்தாள். "எவ்வளவு இருக்கு?"

"முப்பத்தொன்பதுதான்க்கா. தொட்டா நெருப்பா கொதிக்குது. ஆனா நூறுகூட வரலை."

"அப்போ பயப்படாதே. சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

பாரன்ஹீட் பதறியது. "அடப்பாவி, அது நூத்தி மூணு! அவளுக்குப் புரியுற மாதிரி சொல்லு!"

"நான் பொய் சொல்லலையே," என்றது செல்சியஸ். "உலகமே என் கணக்கைத்தான் பேசுது. அவதான் கத்துக்கணும்."

"கத்துக்கிற வரைக்கும் குழந்தை தாங்குமா?"



குழந்தை நடுங்கியது. குளிர்கிறது என்று நினைத்து ரெஜினா கம்பளியைப் போர்த்தினாள். சற்று நேரத்தில் அது அழுவதையும் நிறுத்திவிட்டது. கண்கள் பாதி திறந்து மேலே செருகின.

"தங்கம்! அம்மாவைப் பாரு!"

அவள் மறுபடியும் செல்சியஸை வைத்தாள். அக்குளின் அனல் அதற்கு உறைத்தது. நாற்பது என்று சொன்னாலும் இவள் உட்கார்ந்துதான் இருப்பாள். முதல்முறையாக அதற்குத் தன் எண்ணைக் காட்டப் பயமாக இருந்தது.

திரையில் 104 என்று எரிந்தது.

"ஐயோ, நூத்தி நாலு! அக்கா, ஆட்டோவைக் கூப்பிடுங்க!"

கம்பளியை உதறி எறிந்துவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

வீட்டில் இரண்டும் காத்துக் கிடந்தன. வாசலில் ஒவ்வொரு வண்டி ஓசைக்கும் பாரன்ஹீட்டின் பாதரசம் துடித்தது.

மறுநாள் ரெஜினா குழந்தையோடு திரும்பி வந்தாள். செல்சியஸை வைத்துப் பார்த்தாள். பிறகு ஏதோ முணுமுணுத்தபடி குழந்தையின் வயிற்றில் முகம் புதைத்து அழுதாள்.

"நேத்து என் எண்ணைச் சொன்னியே, கஷ்டமா இருந்துச்சா?" என்று பாரன்ஹீட் மெல்லக் கேட்டது.

"இப்போ அவ எந்த எண்ணையும் சொல்லலை, கவனிச்சியா?" என்றது செல்சியஸ். "'இறங்கிடுச்சு'ன்னுதான் சொன்னா."