மணிமொழி முதலிடம் வாங்கிய கதை

குளக்கரை ஆலமரத்துப் பொந்தில் பவளம் என்ற மைனா குடியிருந்தது. அதன் மூத்த மகள் பெயர் மணிமொழி. அவளுக்குக் கீழே, இன்னும் இறகு முளைக்காத தம்பிகள் இருவர்.

அந்தக் காட்டில் பறவைப் பிள்ளைகளுக்கு இசைத் தேர்வு உண்டு. ஆள்காட்டிக் குருவி புதர் மறைவில் நின்று நாலு ஓசை எழுப்பும். எது எதன் ஓசை என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும். பிறகு, ஆபத்து வந்தால் பாடும் எச்சரிக்கைப் பாட்டைப் பாடிக் காட்ட வேண்டும். தேறிய பிள்ளையை நம்பிப் பொந்தை விட்டுவிட்டுப் பெற்றவர்கள் இரை தேடப் போவார்கள். தேர்வு வைத்ததே அதற்காகத்தான். ஆனால் நாளாக ஆக எல்லாருக்கும் அது மறந்துபோய், முதலிடம் மட்டும்தான் நினைவில் நின்றது.

பவளமும் அப்படித்தான். "இவ தோத்துட்டா இந்த மரத்துல நான் எப்படித் தலைநிமிர்ந்து உக்கார்றது?" என்று புலம்பிக்கொண்டே கிளி வாத்தியாரிடம் போனது.

கிளி வாத்தியார் சிரித்தார். "ஆள்காட்டி ஒரு சோம்பேறிம்மா. வருஷா வருஷம் அதே நாலு ஓசை, அதே வரிசை. முதல்ல மூங்கில் காத்து. அடுத்தது ஓணான். அப்புறம் பாம்பு, கடைசியா பருந்து. மனப்பாடம் பண்ணச் சொல்லுங்க, போதும். காது எதுக்கு?"

அன்று தொடங்கியது படிப்பு. "மூங்கில், ஓணான், பாம்பு, பருந்து." மணிமொழி தூக்கத்திலும் அதையே முணுமுணுத்தாள்.

ஒருநாள் படிப்பை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கீழே உற்றுக் கேட்டாள். "அம்மா, ஓணான் ஓடினா சருகு விட்டு விட்டுச் சத்தம் போடும். இது ஒரே இழுப்பா இழுத்துக்கிட்டுப் போகுதே. ஏம்மா?"

எவ்வளவு கூர்மையான காது! அள்ளி அணைக்க வேண்டிய தாய், மண்டையில் ஒரு கொத்து வைத்தது. "படிக்கிற நேரத்துல என்னடி வேடிக்கை? மூணாவது என்ன, சொல்லு."

"பாம்பு" என்றாள் மணிமொழி, அழுதுகொண்டே. அதற்குப் பிறகு சருகுப் பக்கம் அவள் காது கொடுக்கவே இல்லை.

தேர்வு நாளில் ஆள்காட்டி ஓசை எழுப்பி முடிக்கும் முன்பே அவளிடமிருந்து விடை வந்தது. பாட்டையும் கிளி சொல்லிக்கொடுத்த சங்கதிகளோடு இழைத்து இழைத்துப் பாடினாள். அலற வேண்டிய பாட்டு தாலாட்டு மாதிரி இருந்தது. கேட்டவர்கள் கண்ணை மூடித் தலையாட்டினார்கள். முதலிடம் அவளுக்குத்தான். பவளத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாளே மகளைக் காவலுக்கு வைத்துவிட்டு இரை தேடிப் பறந்தது. புழுவோடு திரும்பி வந்தபோது மணிமொழி பக்கத்துக் கிளையில் கண்மூடிப் பாடிப் பழகிக்கொண்டிருந்தாள். பவளம் பொந்துக்குள் எட்டிப் பார்த்தது. பொந்து காலியாக இருந்தது. கீழே, வயிறு புடைத்த பாம்பொன்று சருகின்மேல் உடலை மெல்ல இழுத்துக்கொண்டு போனது.

அலகிலிருந்த புழு கீழே விழுந்தது. "அடிப்பாவி, உனக்குச் சத்தமே கேக்கலையா?"

"கேட்டுச்சும்மா" என்றாள் மணிமொழி. "முதல்ல வர்ற சத்தம் மூங்கில் காத்துதானே. அதான் சும்மா இருந்தேன். விடை சரிதானேம்மா?"

பவளம் அலகை ஓங்கியது. ஓங்கிய அலகு அப்படியே நின்றுவிட்டது. அன்று அந்தக் காதை அடைத்ததும் இதே அலகுதான். பவளம் கிளையில் சரிந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதது.

எதிர்மரத்தில் கிளி வாத்தியார், "முதலிடம் வாங்கின மணிமொழி நம்ம மாணவி" என்று கூவிக் கூவிப் புதுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார். பவளத்தின் அழுகை அங்கேயும் எட்டியிருக்கும். ஆனால் "மூங்கில், ஓணான், பாம்பு, பருந்து" என்று பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மதிப்பெண்ணுக்காகப் பிள்ளையின் காதை அடைக்கிற வீட்டில், ஆபத்து வரும்போது அதைக் கேட்க ஒருவரும் இருக்க மாட்டார்கள்.